நீலக் கதவு

புத்தகக் கடை வைத்தே லண்டனில் காலம் தள்ளலாம் என்று நம்மை நம்ப வைத்த படம் ‘நாட்டிங் ஹில்’ (1999). அதுவும் பயணப் புத்தகங்கள் மட்டுமே விற்கும் கடை. வருகிறவர்களில் ஒருவன் புத்தகத் திருடன். இன்னொருவர் டிக்கன்ஸ் நாவல் கேட்கிறார்.

தெருமுனையில் ஜூலியா ராபர்ட்ஸ் மேல் ஆரஞ்சு ஜூஸைக் கொட்டுகிறார் ஹ்யூ கிராண்ட். நிஜத்தில் என்றால் நாலு வசவோடும் சலவைக் கூலியோடும் கதை முடிந்திருக்கும். இங்கேயோ கூப்பிடு தூரத்தில் நாயகனின் வீடு, நீலக் கதவு. அந்தக் கதவு பின்னாளில் ஏலத்துக்கே போனது!

பிரிவுத் துயரில் நாயகன் போர்ட்டோபெல்லோ சந்தையில் நடக்கிறார். ஒரே பாட்டுக்குள் வெயில், மழை, பனி எல்லாம் வந்துபோகின்றன. கர்ப்பிணியின் கையில் குழந்தையே வந்துவிடுகிறது. ஆனால் நாட்டிங் ஹில் பேட்டையை ஆகஸ்டில் அதிரவைக்கும் கரீபியர்களின் கார்னிவல் மட்டும் அவர் கண்ணில் படவில்லை. காதல் கண்ணை மறைக்குமாம். ஒரு திருவிழாவையே மறைக்கும் என்று இப்போதுதான் தெரிகிறது.

நியூயார்க்கில் கதை இன்னும் மோசம். ‘யூவ் காட் மெயில்’ (1998) நாயகி, தன் சின்னப் புத்தகக் கடையை இழுத்து மூட வைத்த பெருங்கடைக்காரரையே காதலிக்கிறாள். அதையும் கண்கலங்கிப் பார்த்தேன். இரண்டு தடவை.