முழுமையினும் பகுதி பெரிதே: எம்.கே.பி. நகர் மெக்கானிக் கடைகளை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சிக்கல்

முழுமை தன் பகுதியைவிடப் பெரியது என்று ஏறத்தாழ 2,300 ஆண்டுகளுக்கு முன் யூக்ளிட் எழுதிவைத்தார். அவரிடம் கார் இல்லை. இருந்திருந்தால், ஹெட்லைட் உடைந்த மறுநாளே அந்த வரியை அடித்திருப்பார். காரின் பாகங்களைத் தனித்தனியே கடையில் வாங்கிக் கூட்டினால் வரும் தொகை, புதுக் காரின் விலையைத் தாண்டி எங்கோ போய் நிற்கிறது. காரணம் என்ன என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

ஆய்வுக்களம்

மகாகவி பாரதி நகர் என்பதன் சுருக்கமான வடசென்னை எம்.கே.பி. நகரைப் போல இவ்வாய்வுக்குத் தோதான களம் அமைவது அரிது. ஒரு பக்கம் மழைக்காலத்தில் குளமாகும் கணேசபுரம் சுரங்கப்பாதை. இன்னொரு பக்கம் துறைமுகத்துக்கு விரையும் கண்டெய்னர் லாரிகள். முன்னது பேரிங்கையும் சைலன்சரையும் கவனித்துக்கொள்ளும். பின்னது சைடு மிரரைப் பார்த்துக்கொள்ளும்.

வடசென்னைக்குக் காரும் புதிதன்று. 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், அடுத்த ஆண்டே எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டத் தொடங்கியது. பாகங்களாகக் கப்பலில் வந்தவை இங்கே கார் ஆயின. இன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்திலிருந்து முழுக் கார்களே கப்பலேறுகின்றன. பாகங்களைக் காராக்குவது தொழில். காரைப் பாகம் பாகமாக விற்பது அதனினும் நல்ல தொழில் என்பது உலகுக்குச் சற்றுத் தாமதமாகத்தான் விளங்கியது.

கண்டறிந்த விதிகள்

முதலாவது, அசெம்பிளி விதி. ஹெட்லைட்டைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் காது ஒன்று உடைகிறது. விளக்கு எரிகிறது, கண்ணாடியில் கீறல் இல்லை. ஆனால் தீர்ப்பு மாறாது: “காது மட்டும் தனியா வராது சார், அசெம்பிளியாத்தான் வரும்.” லோயர் ஆர்மில் ரப்பர் புஷ் தேய்ந்தாலும் பல மாடல்களில் இதே கதிதான். காது வலிக்குத் தலையை மாற்றும் இந்த மருத்துவம் வேறெந்தத் துறையிலும் இல்லை.

இரண்டாவது, ஜோடி விதி. இடப்பக்க ஷாக் அப்சார்பர் போனால் வலப்பக்கமும் உடன்கட்டை ஏறும். இதில் நியாயமும் உண்டு. ஒன்று புதிதும் ஒன்று பழையதுமாக இருந்தால் வண்டி ஒரே சீராக நிற்காது. நியாயம் இருப்பதால்தான் இவ்விதி மற்றவற்றைவிட அதிகம் வலிக்கிறது.

மூன்றாவது, டப்பா விதி. பிரேக் பேடைக் கார் கம்பெனி செய்வதில்லை; செய்து கொடுப்பது வேறொரு தொழிற்சாலை. அதே சரக்கு கார் கம்பெனியின் டப்பாவில் வந்தால் ஒரு விலை, செய்தவரின் சொந்த டப்பாவில் வந்தால் குறைந்த விலை. வித்தியாசத் தொகை அட்டைப்பெட்டிக்கானது என்றே கொள்ள வேண்டியிருக்கிறது.

சான்று

இவ்விதிகள் மெக்கானிக் கடைப் புலம்பல் என்று ஒதுக்குவோர், இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25-இல் பிறப்பித்த ஆணையைப் படிக்கலாம். 2011-இல் ஒரு தனிநபர் கொடுத்த புகாரில் தொடங்கிய விசாரணை, 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544.64 கோடி ரூபாய் அபராதத்தில் முடிந்தது. பாகம் செய்து கொடுப்பவர்கள் அதை வெளிச்சந்தையில் நேரடியாக விற்க முடியாதபடி நிறுவனங்கள் கட்டுப்படுத்தியதை ஆணையம் கண்டது. கார் வாங்கும் நாளில் ஒருவருக்குப் பத்துக் கம்பெனிகள் போட்டி போடுகின்றன. வாங்கிய பிறகு அவர் காரின் பம்பருக்கு ஒரே கம்பெனிதான். நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. மெக்கானிக் கடைகளில் மேல்முறையீட்டுக்கு இடமில்லை.

எதிர்வாதங்கள்

வரிதான் விலைக்குக் காரணம் என்பர் சிலர். 2025 செப்டம்பர் 22 முதல் உதிரிபாகங்களுக்கான ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியது. விலை குறைந்ததா என்று கேட்டால், “இது பழைய ஸ்டாக் சார்” என்ற பதில் தயாராக இருக்கும்.

புதுப்பேட்டை இருக்கையில் கவலை எதற்கு என்பர் வேறு சிலர். ஆம், அங்கே பழைய கார் பிரிக்கப்பட்டுக் கதவு தனி, கியர்பாக்ஸ் தனி என்று விலை போகிறது. பிரித்தால் லாபம் என்பதாலேயே அச்சந்தை நிற்கிறது. ஆகவே அது நம் கோட்பாட்டுக்கு மறுப்பாகாது. சாட்சியாகவே வந்து நிற்கிறது.

முடிவும் பரிந்துரையும்

பாகத்தின் விலையை இரும்போ பிளாஸ்டிக்கோ நிர்ணயிப்பதில்லை. நமக்கு வேறு போக்கிடம் இல்லை என்பதே நிர்ணயிக்கிறது. எனவே பேரம் பேச வேண்டிய இடம் மெக்கானிக் கடையன்று, ஷோரூம். பாகங்களின் விலையைப் பொதுவில் வெளியிட வேண்டும் என்றும் போட்டி ஆணையத்தின் அதே ஆணை சொல்கிறது. அட்வான்ஸ் கட்டும் முன் ஹெட்லைட், பம்பர், சைடு மிரர் மூன்றின் விலையையும் எழுதி வாங்குங்கள். விற்பனையாளர் மைலேஜைப் பற்றிப் பேசத் தொடங்கினால், அடுத்த ஷோரூமுக்கு நடக்கலாம். அட்வான்ஸ் கட்டும்வரைதான் நமக்குப் போக்கிடம் உண்டு.