பெண் கேட்க ஆஸ்பத்திரிக்கு

பாலக்காட்டுப் பக்கம் தஸ்ராக் என்று ஒரு கிராமம். அதை வைத்துத்தான் ஓ.வி. விஜயன் 'கசாக்கின் இதிகாசம்' (1969) என்ற மலையாள நாவலை எழுதினார். நாயகன் ரவி, காதலி பத்மாவை விட்டுவிட்டு ஓராசிரியர் பள்ளிக்கு வாத்தியாராக வந்து உட்கார்ந்துவிடுவான். அவளோ பிற்பாடு அமெரிக்காவிலிருந்து தேடி வருவாள். இப்போதைய நாவல் என்றால் ரவி, 'எனக்குக் கொஞ்சம் ஸ்பேஸ் வேணும்' என்று வாட்ஸ்அப் அனுப்பியிருப்பான். நீல டிக் விழுந்ததா இல்லையா என்பதிலேயே நாற்பது பக்கம் ஓடியிருக்கும்.

இடுக்கிக்காரன் வேறு ரகம். 2016இல் வந்த 'மகேஷின்டெ பிரதிகாரம்' மலையாளப் படத்தில் காதலி வசதியான மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு போய்விடுகிறாள். நடுத்தெருவில் அடி வேறு. திருப்பி அடிக்கும்வரை செருப்பே போடுவதில்லை என்று சபதம் செய்கிறான் ஸ்டூடியோக்கார மகேஷ். அடித்தவன் வளைகுடாவுக்குப் பறந்துவிட, அவன் தங்கை ஜிம்ஸி போட்டோ எடுக்க வந்து நிற்கிறாள். பயல் என்ன செய்தான்? மச்சானாகப் போகிறவன் ஊர் திரும்பியதும் அவனைப் புரட்டி எடுத்துவிட்டு, ஆஸ்பத்திரிக்கே போய்ப் பெண் கேட்டான். என்ன தெளிவு!

நம் இளம் எழுத்தாளர்களிடம் மாட்டியிருந்தால் ஜிம்ஸி, 'நாம வெறும் ஃப்ரெண்ட்ஸ்தானே?' என்று கேட்டிருப்பாள். மகேஷ் பதிலுக்கு ஒரு ஸ்மைலி போட்டிருப்பான். அதற்கு என்ன அர்த்தம் என்பது இரண்டாம் பாகத்தில்.