பச்சைக்கு வந்த பவிசு

1986-இல் ஸூரிச் அருகே ஐபிஎம் ஆய்வகத்தில் பெட்நோர்ட்ஸும் முல்லரும் ஒரு பீங்கானைக் குளிரவைத்தே மின்தடையைத் துரத்திவிட்டார்கள். இப்படித் தடை இழந்த பொருளுக்கு மீக்கடத்தி என்று பெயர். மறுவருடமே நோபல். 1987 தொடக்கத்தில் அமெரிக்காவில் பால் சூ, மா-குன் வூ கூட்டணி இட்ரியம், பேரியம், செம்பு ஆக்சைடுகளைக் கலந்து வில்லையாகச் சுட்டு, 93 கெல்வினில் அதே வித்தையைக் காட்டியது. அதாவது மைனஸ் 180 டிகிரி. மலிவான திரவ நைட்ரஜனே போதும். அந்த வில்லையில் கறுப்பும் பச்சையுமாக இரண்டு சேர்மங்கள் கலந்து கிடந்தன. வித்தை கறுப்பினுடையது என்று தெரிந்ததும், பச்சைக்கு அழுக்கு என்று பட்டம் கட்டி, அதை ஒழிக்கக் கிளம்பினார்கள்.

மார்ச் 18 அன்று நியூயார்க் ஹில்டன் ஓட்டலில் ஆயிரக்கணக்கான இயற்பியலாளர்கள் முண்டியடித்து நள்ளிரவு தாண்டியும் இதைப் பற்றியே பேசினார்கள். மிதக்கும் ரயில், இழப்பில்லாத மின்கம்பி, எல்லாமே அன்றிரவு தயார். பீங்கானின் சம்மதத்தைத்தான் யாரும் கேட்கவில்லை.

கேட்டபோது அது கைவிரித்தது. பொடியை அரைத்து, அழுத்தி, 950 டிகிரியில் சுட்ட சுத்தக் கறுப்பு வில்லை காந்தத்தை ஜோராக மிதக்கவிட்டது. மின்சாரம் பாய்ச்சினாலோ, சதுர சென்டிமீட்டருக்குச் சில நூறு ஆம்பியரிலேயே சரண். வீட்டுச் சுவருக்குள் ஓடும் செம்புக் கம்பி, நைட்ரஜன் குளியல் கேட்காமலே அவ்வளவைச் சுமக்கும். வில்லைக்குள் படிகத் துகள்கள் ஆளுக்கொரு திசை பார்த்து உட்கார்ந்திருந்ததுதான் காரணம். பக்கத்துத் துகளோடு பத்து டிகிரி பிசகினாலே எல்லையில் மின்னோட்டம் சரிகிறது என்று 1988-இல் ஐபிஎம் ஆட்களே கண்டு சொன்னார்கள்.

அதே ஆண்டு பெல் ஆய்வகத்தின் சுங்ஹோ ஜின், சுடுவதோடு நிற்காமல் உருக்கினார். ஆயிரம் டிகிரிக்கு மேல் அரைகுறையாக உருக்கி, மெல்ல ஆறவிட்டதும் துகள்கள் ஒரு பக்கமாகத் திரும்பின. மின்னோட்டம் சதுர சென்டிமீட்டருக்கு 10,000 ஆம்பியரைத் தாண்டியது. அதன்பின் 400, 500 டிகிரியில் ஆக்சிஜன் ஊட்டவேண்டும். ஊட்டாவிட்டால் அது வெறும் ஓடு.

இதில் ஒரு வேடிக்கை. கறுப்பு உருகினால் பச்சை பிறக்கிறது. ஆறும்போது மறுபடி கறுப்பானாலும் கொஞ்சம் உள்ளேயே தங்கிவிடுகிறது. விரட்டிய அழுக்கு கொல்லைப்புறமாக வந்து சேர்ந்தது. ஜப்பானில் முரகாமி குழு அதைத் துரத்தாமல், பொடிப்பொடியாக உள்ளே பரவவிட்டது. மீக்கடத்திக்குள் நுழையும் காந்தச் சுழல்கள் நகர்ந்தால் மின்தடை தலைகாட்டும். அவற்றை நகரவிடாமல் பிடித்து வைத்தவை பச்சைத் துகள்களின் ஓரங்கள். 2003-இல் டோமிட்டாவும் முரகாமியும் இப்படி வளர்த்த கட்டிகளுக்கு இடையே, 29 கெல்வினில் 17 டெஸ்லா காந்தப்புலத்தைச் சிறைபிடித்தார்கள்.

இன்று கலவையிலேயே கூடுதலாகப் பச்சைப் பொடி போடுகிறார்கள். அது திரண்டு பெருத்துவிடக் கூடாதென்று கூடவே துளி பிளாட்டினமும். அழுக்கின் மேனி காக்கப் பிளாட்டினம்! கறுப்புக்கு அந்த யோகம் இல்லை.