இரண்டாம் வரிசைக்காரர்

கிளை நூலகத்தில் நடக்கும் எந்தக் கூட்டத்தின் அழைப்பிதழையும் எடுத்துப் பாருங்கள். தலைமை ஒருவர், முன்னிலை மூவர், வரவேற்புரை ஒருவர், வாழ்த்துரை ஏழு பேர், சிறப்புரை ஒருவர், ஏற்புரை ஒருவர், தொகுப்புரை வாசகர் வட்டச் செயலாளரின் மகள், நன்றியுரை நூலகர். பதினாறும் பெற்ற மேடை. கடைசி வரியில் ‘அனைவரும் வருக’ என்று இருக்கும். அந்த அனைவரும் யார் என்று தேடிப் போனால் பெரும்பாலும் ஒரே ஒருவர்தான் அகப்படுவார். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். ஏதோ ஓர் அரசுத் துறையிலிருந்தோ போக்குவரத்துக் கழகத்திலிருந்தோ ஓய்வு பெற்றிருப்பார். சட்டைப் பையில் இரண்டு பேனா, தோளில் துணிப்பை. பைக்குள் மடக்குக் குடை, தண்ணீர் பாட்டில், போன கூட்டங்களின் துண்டறிக்கைகள், ஒரு கூட்டுறவு வங்கி என்றைக்கோ கொடுத்த டைரி. அவர் உட்காரும் இடம் இரண்டாம் வரிசையில், மின்விசிறிக்கு நேர் கீழே. முதல் வரிசை, மேடையில் இடம் கிடைக்காத பிரமுகர்களுக்காக ஒதுக்கப்பட்டது. அவர்கள் துண்டு போர்த்தியானதும், போட்டோ எடுத்தானதும், வேறொரு நிகழ்ச்சி இருப்பதாகச் சொல்லிக் கிளம்பிவிடுவார்கள். சிறப்புரை ஆரம்பிக்கும்போது முதல் வரிசை காலியாகி, இரண்டாம் வரிசையே முதல் வரிசையாகிவிடும். ராஜினாமாக்களாலேயே பதவி உயர்வு பெறுகிற கலையை அவர் அலுவலகத்திலேயே கற்றுக்கொண்டவர்.

நமக்கெல்லாம் ஆண்டு என்றால் தை, சித்திரை, ஆடி, தீபாவளி. அவருடைய பஞ்சாங்கம் நூலக அறிவிப்புப் பலகையில் தொங்குகிறது. பிப்ரவரி 21 உலகத் தாய்மொழி நாள், ஏப்ரல் 23 உலக புத்தக நாள், ஆகஸ்ட் 12 நூலகர் தினம், நவம்பர் 14 முதல் 20 வரை நூலக வார விழா. இந்த விழா அவருக்கு ஏழு நாள் பிரம்மோற்சவம். இடைப்பட்ட நாட்களும் வீணாவதில்லை. நூல் வெளியீடு, கவியரங்கம், ஓலைச்சுவடி கண்காட்சி, சித்த மருத்துவ முகாம், போட்டித் தேர்வுக்கு மாதிரித் தேர்வு என்று எது நடந்தாலும் போவார். சர்க்கரை நோய் விழிப்புணர்வுக் கூட்டத்தில் முழுக்கக் குறிப்பெடுத்துக்கொண்டு, முடிவில் தரப்படும் சர்க்கரை போட்ட தேநீரையும் கிரீம் பிஸ்கட்டையும் மறுக்காமல் வாங்கிக்கொள்வார். மே மாதக் கோடை முகாமில் பிள்ளைகளுக்குக் காகிதத்தில் கொக்கு செய்யச் சொல்லிக்கொடுத்தால், பின்னால் ஒரு நாற்காலியில் அவரும் ஒரு கொக்கு செய்துகொண்டிருப்பார். சென்னைக்காரராக இருந்தால் சிக்கல் இன்னும் அதிகம். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் ‘பொன்மாலைப் பொழுது’ நிகழ்ச்சியும், அண்ணா சாலை தேவநேயப் பாவாணர் நூலக அரங்கத்தில் ஒரு நூல் வெளியீடும் ஒரே சாயங்காலத்தில் வந்துவிட்டால், முகூர்த்த நாளில் இரண்டு கல்யாணப் பத்திரிகை வந்தவர் படும் பாடுதான். ஒன்றில் தலையைக் காட்டிவிட்டு இன்னொன்றில் பந்திக்கு உட்கார வேண்டும்.

இவரைக் கண்டு ஊர் சிரிக்கிறது. சிரிப்பவர்களின் குற்றச்சாட்டு எளிது: மனிதர் நூலகத்துக்கு வருகிறாரே தவிரப் படிப்பதில்லை. இந்தக் குற்றச்சாட்டைப் பரிசீலிக்காமலேயே ஏற்றுக்கொண்டுவிட்டோம் என்று நினைக்கிறேன். முதலில், படிக்காமல் கேட்பது அப்படியொன்றும் கேவலமான தொழில் அல்ல. திருக்குறள் கல்விக்கு 40ஆவது அதிகாரத்தையும் கல்லாமைக்கு 41ஆவது அதிகாரத்தையும் கொடுத்துவிட்டு, 42ஆவதாகக் கேள்வியை வைக்கிறது. அறிவுடைமை அதற்கு அப்புறம்தான். கல்லாமையிலிருந்து அறிவுடைமைக்குப் போகிற பாதையில் பத்துக் குறள் தூரத்துக்கு ஒரு நிழற்குடை கட்டியிருக்கிறார்கள். நம்மவர் அதில் உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான். தமிழ்நாட்டில் அரசியல் வளர்ந்த கதையும் அதுவே. படிப்பகத்தில் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிக்க, பத்துப் பேர் சுற்றி நின்று கேட்டார்கள். அந்தப் பத்துப் பேரை யாரும் போலி வாசகர் என்று சொன்னதில்லை. இவரை மட்டும் சொல்வதற்கு ஒரே காரணம், இவர் நிற்காமல் நாற்காலியில் உட்கார்ந்து கேட்கிறார் என்பதுதான்.

ஆனால் என் வாதம் இதைவிடக் கொஞ்சம் துணிச்சலானது. அவர் படிக்கவும் செய்கிறார். அதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டியது சிறப்பு விருந்தினர்களுக்கு. அழைப்பிதழில் மாலை 5 மணி என்று போட்டிருந்தால் விருந்தினர் 6.10க்கு வருவார் என்பது இயற்கை நியதி. இவரோ மின்விசிறிக்கு அடியில் இடம் பிடிக்க 4.30க்கே வந்துவிடுகிறார். இடைப்பட்ட ஒரு மணி நாற்பது நிமிடத்தை என்ன செய்வது? மைக் செட்காரர் ‘ஹலோ, ஒன் டூ த்ரீ’ சொல்வதைக் கேட்டாகிவிட்டது. ஃபிளெக்ஸில் யார் படம் பெரியது என்று அளந்தாகிவிட்டது. சுற்றிலும் நான்கு பக்கமும் புத்தகம். கை தானாக ஒன்றை உருவுகிறது. நூலகவியலாளர் ரங்கநாதன் 1931இல் எழுதிய நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது. நம் சிறப்பு விருந்தினர்கள் இந்த நான்காவது விதியை வாராவாரம் முறித்துப்போட்டு, ஒவ்வொரு வாசகருக்கும் ஒரு நூல் என்ற இரண்டாவது விதியையும், ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர் என்ற மூன்றாவது விதியையும் நிறைவேற்றி வைக்கிறார்கள். தமிழ்நாட்டின் வாசிப்பு இயக்கங்களில் செலவே இல்லாமல் நடப்பது இது ஒன்றுதான். சரியாக ஐந்து மணிக்கு வந்து சேரும் பேச்சாளர், தெரியாமல், வாசிப்புக்குக் குழி பறிக்கிறார்.

இதில் ஒரு குறை இருப்பதை ஒப்புக்கொள்கிறேன். காத்திருப்பு நேரத்தில் அவரால் இருபது பக்கம் படிக்க முடியும். பஸ் டிக்கெட்டை அடையாளம் வைத்துவிட்டுப் போவார். அடுத்த கூட்டத்துக்கு வந்து பார்த்தால், வேறொருவர் அந்தப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போயிருப்பார். எனவே புதிதாக இன்னொன்றை ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. இப்படியே ஏழெட்டு ஆண்டுகள் போனதில், தமிழ் நாவல்களின் முதல் இருபது பக்கங்களில் அவருக்கு இணையான புலமை இன்று வேறு யாருக்கும் கிடையாது. எந்தக் கதாநாயகன் எந்த ஊர் பஸ் நிலையத்தில் வந்து இறங்குகிறான் என்பது அத்துப்படி. இறங்கியவன் என்ன ஆனான் என்பது மட்டும் தெரியாது. (மதிப்புரை எழுதுகிறவர்களிலும் சிலர் இந்த எல்லையைத் தாண்டுவதில்லை என்று கேள்வி.) இருபது பக்கமெல்லாம் வாசிப்பா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: கூட்டம் இல்லாவிட்டால் அந்த இருபதும் இல்லை. கோடை முகாமைப் பாருங்கள். பிள்ளையைக் கதை கேட்க உள்ளே விட்டுவிட்டு, இரண்டு மணி நேரம் வராந்தாவில் காத்திருக்கும் தாய்மார்கள் வார இதழில் தொடங்கி மெல்ல அலமாரிப் பக்கம் நகர்கிறார்கள். சாயங்காலக் கூட்டங்களில் இரண்டாம் வரிசை முழுக்க ஆண்களாக இருப்பதற்கு ஆர்வக் கோளாறு காரணமல்ல. ஐந்து மணிக்கு வீட்டில் யார் காபி போடுகிறார்கள் என்பதுதான் காரணம். மே மாதம் மட்டும் அந்தக் கணக்கு கொஞ்சம் புரள்கிறது. முகாம் என்ற சாக்கு இல்லாமல் ‘நூலகத்துக்குப் போய்ப் படித்துவிட்டு வருகிறேன்’ என்று சொல்லிவிட்டுக் கிளம்பக்கூடிய பெண்கள் நம் தெருக்களில் எத்தனை பேர்? ஆணுக்கும் சாக்கு வேண்டியிருக்கிறது. சுண்டலுக்காகக் கோயிலுக்குப் போகிற பையனை யாரும் வாசலில் நிறுத்தி பக்தியைச் சோதிப்பதில்லை.

சுண்டல் என்றதும் அடுத்த ஆட்சேபம் வந்துவிடுகிறது: அவர் தேநீருக்காக வருகிறார். வரட்டுமே. கணிதம் கற்பித்துக்கொண்டிருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக மாறிய அந்த சீர்காழி ரங்கநாதனின் விடாமுயற்சியால் 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. அதன்படி உள்ளாட்சி அமைப்புகள் சொத்து வரியோடு நூலக வரியும் வசூலிக்கின்றன. இன்று அது ரூபாய்க்கு 10 காசு. சொத்து வரி 2,000 ரூபாய் என்றால் நூலகத்தின் பங்கு 200 ரூபாய். நூலக வாசலை மிதிக்காதவரும் கட்டுகிறார். இப்படி ஒரு வரி இருப்பதே தெரியாதவரும் கட்டுகிறார். வாடகை வீட்டுக்காரர் வீட்டுக்காரருக்குக் கொடுக்கும் வாடகைக்குள்ளும் அது ஒளிந்திருக்கிறது. தெரு முழுக்கக் கட்டிய பணத்தில் தன் பங்கை நேரில் வந்து, நாற்காலியாகவும் மின்விசிறிக் காற்றாகவும் இருபது பக்கங்களாகவும் வசூலித்துக்கொண்டு போகிறவர் இவர் ஒருவர்தான். தேநீரோ வரிக் கணக்கில்கூட வராது. அது பெரும்பாலும், ஆயிரம் ரூபாய் கட்டிப் புரவலராகி அந்தச் சான்றிதழைக் கடையில் மாட்டி வைத்திருக்கும் யாரோ ஒரு ஜவுளிக்கடைக்காரரின் உபயம்.

இவற்றையெல்லாம்விடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. அதைச் சொல்கிறவர்கள் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள். காலையில் தயிர்சாதத்தோடு வந்து மேசையைப் பிடித்து, மொத்த எதிர்காலத்தையும் ஒரு பொது அறிவுப் புத்தகத்துக்குள் வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். ஐந்து மணிக்கு ஒருவர் வந்து ‘கூட்டம் இருக்கிறது, கொஞ்சம் எழுந்துகொள்ளுங்கள்’ என்கிறார். நூலகம் அமைதியான இடம் அல்லவா என்று அவர்கள் கேட்டால், அதில் நியாயம் இருக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்குத் தனி அறை வேண்டும். அது இல்லாத இடத்தில் மைக்காவது வேண்டாம், நாற்பது பேருக்கு வெறும் தொண்டை போதும். ஆனால் அமைதிதான் நூலகத்தின் இலக்கணம் என்பதை நான் ஏற்க மாட்டேன். ஐந்து விதிகள் வெளிவந்த அதே 1931இல், மன்னார்குடியில் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராக அனுப்பும் நடமாடும் நூலகத்தைத் தொடங்கிவைத்தவரும் ரங்கநாதன்தான். கழுத்து மணியும் அச்சாணிச் சத்தமும் பின்னால் ஓடிவரும் பிள்ளைகளின் கூச்சலுமாகத்தான் அந்த நூலகம் தெருவுக்குள் நுழைந்திருக்கும். ஆள் தேடி வண்டி கட்டிக்கொண்டு போன நூலகம், இன்று ஆளைத் தன்னிடம் வரவழைக்கக் கூட்டம் போடுகிறது.

எந்தக் கூட்டத்துக்கும் அதே நாற்பது பேர்தானே வருகிறார்கள் என்பார்கள். தினமும் அதே ஆட்கள் வருகிறார்கள் என்பதற்காக யாரும் டீக்கடையை மூடுவதில்லை. மேலும் அந்த நாற்பதை நம்பித்தான் நூலகர் நாற்காலி வாடகைக்குச் சொல்கிறார். வருகைப் பதிவேட்டின் எண்ணிக்கை மேலே போக வேண்டும், அலுவலகத்துக்கு அனுப்பும் புகைப்படத்தில் தலைகள் தெரிய வேண்டும். கோணம் பார்த்து எடுத்தால் இரண்டாம் வரிசைக்காரர் ஒருவரே நான்கு படங்களில் நான்கு பேராகத் தெரிவார்.

நியாயமாகச் சொன்னால், அவரைப் பற்றிப் பயப்பட வேண்டிய கட்டம் ஒன்று இருக்கிறது. சிறப்புரை முடிந்து, கேள்விகள் இருந்தால் கேட்கலாம் என்று தொகுப்பாளர் அறிவிக்கும் கட்டம் அது. அறிவிப்பு முடியும் முன்பே அவர் எழுந்து நின்றிருப்பார். “அய்யா அவர்களுக்கு முதற்கண் வணக்கம். ஒரே ஒரு சின்னக் கேள்வி.” அதற்குப் பிறகு பதினான்கு நிமிடம். அதில் அவருடைய பணிக்காலம் வரும், காமராசர் ஆட்சி வரும், மூன்று நாவல்களின் முதல் இருபது பக்கங்கள் வரும், கேள்விக்குறி மட்டும் வராது. திருக்குறள் சொல்லும் கேள்வி என்பது கேட்டுப் பெறுவது. இத்தனை வருடம் கேட்டுப் பெற்றதை அவர் மொத்தமாக, அதே பெயரில், பேச்சாளரிடம் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். பேச்சாளர் நல்லவராக இருந்தால் ‘அருமையான கேள்வி’ என்று சொல்லிவிட்டு, தன் உரையில் விட்டுப்போன ஒரு பகுதியைப் பேசி முடித்துக்கொள்வார். இருவருக்கும் திருப்தி. நூலகர் கடிகாரத்தைப் பார்ப்பார், காவலாளி நூலகரைப் பார்ப்பார்.

ஆகவே அவர் வந்தால் நூலகருக்குக் கவலைதான். வராவிட்டால் அதைவிடக் கவலை. ஒரு சனிக்கிழமை ஐந்தரை ஆகியும் மின்விசிறிக்கு அடியில் நாற்காலி காலியாகக் கிடந்தால், நூலகர் வரவேற்புரைத் தாளை மடித்து வைத்துவிட்டு போனை எடுப்பார். “என்ன சார், உடம்புக்கு ஏதும் முடியலையா?” மறுமுனையில் குரல் தாழ்ந்து வரும். உடம்புக்கெல்லாம் ஒன்றுமில்லையாம். பக்கத்து ஊர் நூலகத்தில் ஒரு நூல் வெளியீடாம், நாலு மணிக் கூட்டமாம். சிறப்பு விருந்தினர் இன்னும் வந்தபாடில்லையாம். நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் இருக்கிறாராம்.