படகு அங்கே, சாமான் இங்கே

ராஜேந்திர சோழன் 1025-இல் கடாரத்துக்குக் கப்பல் படை அனுப்பினான். ஆயிரம் வருஷம் கழித்து அதே கடாரத்துப் பக்கமிருந்து எதிர்த்திசையில் ஒருவர் பாய் விரித்தார் என்றால், அது என் வீட்டுக்காரர்தான். பிறையில் தொழிற்சாலை எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுப் பணம் வந்ததும் சிலர் வீட்டை இழுத்துக் கட்டுவார்கள், சிலர் காசிக்குப் போவார்கள். இவர் ஒரு வெள்ளைக்காரரிடம் பழைய பாய்மரப் படகு வாங்கி, 'கடாரம்' என்று பெயரும் வைத்தார். வடகிழக்குப் பருவக்காற்றைப் பிடித்து ஃபூக்கெட்டிலிருந்து திருகோணமலை. அங்கே கோணேசரைக் கும்பிட்டுவிட்டு, காற்று தென்மேற்குக்குத் திரும்பிய பிறகு சாபாங் வழியாக வீடு. துணைக்கு ஒரு நண்பர்.

கடலில் போன கதையை எல்லோரும் எழுதுகிறார்கள். வந்த படகை மூட்டை கட்டி வைத்த கதையை யாரும் எழுதுவதில்லை. எழுத வேண்டியவர்கள் மனைவிமார்கள். அவர்கள் கயிறு துவைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பிறையில் துறைமுகம் இருக்கிறது, கப்பல் கப்பலாகச் சரக்கு இறங்குகிறது. ஆனாலும் இந்த மாதிரிப் படகைக் கரையேற்றி மாதக்கணக்கில் நிறுத்த வேண்டுமென்றால் இங்குள்ளவர்கள் வடக்கே லங்காவியின் ரெபாக் தீவுக்கோ, தெற்கே லுமுட் பக்கமோதான் போவார்கள். நாங்கள் தெற்கே போனோம். 'நாங்கள்' என்றால் அவர் கடலில், நான் நெடுஞ்சாலையில்.

பட்டறையில் வாடகை அடிக்கணக்கு. ஊரெல்லாம் "நாப்பதடி படகு" என்று சொல்லித் திரிந்த மனுஷர், அளவு நாடாவைப் பார்த்ததும் "முப்பத்தெட்டுதான் இருக்கும்" என்றார். முன்னால் துருத்திக்கொண்டிருந்த நங்கூரத்தை அதற்குள் கழற்றி உள்ளே வைத்திருந்தார். அதையும் சேர்த்து அளந்துவிடுவார்களாம். ட்ராவல் லிஃப்ட் என்று சக்கரம் வைத்த ராட்சதத் தூக்கி ஒன்று, இரண்டு அகலப் பட்டைகளில் தொட்டில் கட்டிக் கடாரத்தை ஆகாயத்துக்குத் தூக்கியது. படகின் அடிப்பாகத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். தாடி வைத்த மாதிரி பாசி, அதற்குள் சிப்பி. ஒரு குடும்பத்துக்கு இரண்டு வேளைக்குக் காணும்.

"டாங்கி நெறைய டீசல் ஊத்தணும்" என்றார்.

"ஓடாத படகுக்கு எதுக்குங்க டீசல்?"

டாங்கியில் காலி இடம் இருந்தால் ராத்திரி குளிரில் உள்ளே நீர் வேர்க்குமாம், அந்த நீரில் கிருமி வளர்ந்து டீசல் கொழகொழத்துப் போகுமாம். உண்மைதான், பட்டறைக்காரரும் தலையாட்டினார். ஓடுகிற என் காருக்கு இருபது வெள்ளிக்கு மேல் பெட்ரோல் போட்டதில்லை.

குளிர் நாடுகளில் படகை மூடி வைப்பவர்களுக்கு ஒரே கவலை, குழாயில் தண்ணீர் உறைந்து வெடிக்கக் கூடாது. நமக்குப் பூஞ்சணம், கரப்பான், குளவி மூன்றும் உண்டு. படகில் எங்கே துளை இருந்தாலும் குளவி மண்கூடு கட்டிவிடும். துளைகளை அடைக்க என் சமையலறையின் கம்பி நார் மொத்தமும் போயிற்று. சாமான் கட்ட நான் கடையிலிருந்து காலி அட்டைப்பெட்டிகள் கொண்டுபோனபோது, மலாக்கா நீரிணையில் விடியற்காலை சுமத்ரா சூறைக்காற்று அடித்தபோதுகூட அலறாத மனுஷர் அலறினார். அட்டை மடிப்பில் கரப்பான் முட்டை இருக்குமாம், படகில் ஏறவே கூடாதாம். அந்தப் பெட்டிகள் வீட்டுக்கு மட்டும் வரலாம்.

வந்தன. படகில் இருக்கக் கூடாதது எல்லாமே வந்தது. வெயில் தின்றுவிடும் என்று கயிறுகள், பூத்துவிடும் என்று மெத்தைகள், திருடு போகும் என்று சின்ன மோட்டார். மோட்டாரை வாளித் தண்ணீரில் நிறுத்தி ஓட்டி உப்பைக் கழுவியதில் பக்கத்துத் தெருவே எழுந்துவிட்டது.

புதுச்சேரிப் பெண் ரூபா அழகிரிசாமியும் கேரளத்துத் தில்னாவும் 'தாரிணி' என்கிற கடற்படைப் பாய்மரப் படகில் 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து கிளம்பி, உலகத்தையே சுற்றி 2025 மே 29-ஆம் தேதி திரும்பினார்களே, இரண்டே பேர், இருபத்தையாயிரம் கடல் மைலுக்கு மேல். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு வந்த முதல் கேள்வி, பாயை யார் துவைத்தது? அவர்களுக்குப் பின்னால் ஒரு கடற்படையே இருக்கிறது. இவருக்கு நான்.

பாயில் உப்பு இருந்தால் ஈரம் இழுத்துப் பூஞ்சணம் பிடிக்கும். நல்ல தண்ணீரில் அலசி, காய வைத்து, மடிக்க வேண்டும். பெரிய பாய் எங்கள் ஹாலில் அடங்காது. போர்ச் கூரையிலிருந்து எதிர்த்த வேலி வரைக்கும் வெள்ளைவெளேரென்று இழுத்துக் கட்டினோம். எங்கள் தாமானில் வீட்டு வாசலில் பந்தல் நின்றால் ஒன்று கல்யாணம், இல்லையென்றால் சாவு. கல்யாணத்துக்கு எங்கள் வீட்டில் வயசுப் பிள்ளை இல்லை.

மத்தியானம் மூன்றாம் வீட்டுச் சீனத்து ஆன்ட்டி வெள்ளை உறையில் பணத்தோடு வந்துவிட்டார். நான் பின்கட்டில் கயிறு பிழிந்துகொண்டிருந்தேன். கதவு திறந்திருந்தது. கரை வந்த நாளிலிருந்து இவருக்குக் கட்டிலில் தூக்கம் பிடிப்பதில்லை. ஆடாமல் இருப்பது ஆகவில்லையாம். ராத்திரி மூன்று மணிக்குக் காவல் முறை என்று எழுந்து உட்கார்ந்துகொள்வார், பகலில் ஹால் தரையில் மல்லாந்து, கையை நெஞ்சில் கட்டிக்கொண்டு தூங்குவார். ஆன்ட்டி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, தலைமாட்டில் நின்று மூன்று முறை குனிந்து வணங்கியிருக்கிறார். மூன்றாவது வணக்கத்தில் இவர் கண் விழித்து, "காத்து எந்தப் பக்கம்?" என்று கேட்டிருக்கிறார்.

ஆன்ட்டி போட்ட சத்தத்தில் நான் ஓடி வந்தேன். இரண்டு வாய் சூடான தேத்தண்ணி உள்ளே போன பிறகுதான் அவருக்குப் பேச்சு வந்தது. உறையைக் கவனமாகக் கைப்பையில் திரும்ப வைத்துக்கொண்டார்.

மிச்சம் இருப்பது டின்கள். காகித லேபிள் நனைந்து கழன்று படகுத் தண்ணீர்ப் பம்பை அடைத்துவிடும் என்பதால், ஏற்றும்போதே லேபிளைக் கிழித்துவிட்டு டின் தலையில் பேனாவால் எழுதி வைப்பார்கள். உப்புக்காற்று எழுத்தை அழித்துவிட்டது. சார்டினா, பட்டாணியா, லைச்சியா என்று திறந்த பிறகுதான் தெரியும். வெள்ளிக்கிழமை விரதச் சாப்பாட்டுக்குப் பட்டாணி என்று நம்பித் திறந்தது கோழிக்கறி.

இப்போது சனிக்கிழமைதோறும் லுமுட்டுக்குக் கிளம்பிவிடுகிறார், "படகைப் பாத்துட்டு வரேன்" என்று. முட்டுக்கொடுத்து நிற்கும் படகில் ஏணி வைத்து ஏறி, உள்ளே போய்ப் படுத்தால் நன்றாகத் தூக்கம் வருகிறதாம்.

"அப்படியே இந்த டின்னையெல்லாம் கொண்டுபோய் அங்க வச்சிடுங்க" என்றேன்.

"மூடின படகு, உள்ள அனல். டின் உப்பிடும்" என்றார். "வீட்லதான் பத்திரம்."