அஞ்சு பவுண்டு சூதாடிகள்

லண்டன் பப்பில் போக்கர் ஆடுவதற்கு அரசாங்கம் போட்டிருக்கும் நிபந்தனைகளைப் படித்தால், சூதாட்டத்தின் மேலேயே ஒரு பரிதாபம் வந்துவிடும். ஓர் ஆட்டத்துக்கு ஆளுக்கு அதிகபட்சம் 5 பவுண்டு. ஒரு நாளைக்கு ஒரு பப்பில் எல்லாருமாகச் சேர்ந்து 100 பவுண்டு. பப்காரர் கட்டணமும் வாங்கக் கூடாது, கமிஷனும் எடுக்கக் கூடாது. 2005-ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டமும் அதன் விதிகளும் அப்படி. குடும்பத்தை நடுத்தெருவில் நிறுத்தியே தீருவேன் என்று கங்கணம் கட்டிக்கொண்டு வருகிறவன்கூட, இரவு பஸ்ஸுக்குக் காசோடு வீடு திரும்பிவிடுவான்.

ஆனால் இந்த ஐந்து பவுண்டுக்கு எங்கள் மேஜையில் நடக்கும் யோசனை இருக்கிறதே, சுவிஸ் வங்கி திவாலாகப்போகிறது என்று நினைத்துக்கொள்வீர்கள்.

சிக்கல் பெரும்பாலும் கடைசிப் பொதுச் சீட்டான ‘ரிவர்’ விழுந்த பிறகுதான் வரும். எதிரே ஓய்வுபெற்ற தபால்காரர். மாலை முழுக்க வந்த சீட்டையெல்லாம் கவிழ்த்துப் போட்டுவிட்டு டிவியில் கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தவர், இப்போது பியரைத் தள்ளிவைக்கிறார். முதுகை நிமிர்த்துகிறார். நடுவில் 2,000-க்கான வில்லைகள் (ஐந்து பவுண்டுக்குக் கொடுக்கும் சிப்ஸ்; எண் மட்டும்தான், காசல்ல) கிடக்கும்போது, தானும் 2,000-க்கான வில்லைகளை முன்னே நகர்த்துகிறார். கை லேசாக நடுங்குகிறது. என்னிடம் ஒரு ஜோடி ராஜா. அதே தொகையை வைத்து ‘கால்’ பண்ணி அவர் சீட்டைப் பார்ப்பதா, ‘ஃபோல்டு’ என்று ஒதுங்கிவிடுவதா?

கணக்கு சுலபம். 2,000 போட்டால் கிடைக்கக்கூடியது மொத்தம் 6,000. மூன்று தடவைக்கு ஒரு தடவை ஜெயித்தால் முதலுக்கு மோசமில்லை. தபால்காரர் மூன்றில் ஒரு தடவையாவது பொய் சொல்வாரா என்பதுதான் கேள்வி. வாழ்நாள் முழுக்க அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்காமல் கொண்டுபோய்ச் சேர்த்த மனிதர். மேலும் மைக் கேரோ என்கிற அமெரிக்கர், ஆட்டக்காரர்களின் உடல்மொழியைப் பற்றி 1984-லேயே புத்தகம் போட்டிருக்கிறார். பந்தயம் வைக்கும்போது கை நடுங்கினால் அது பயமில்லை, அபாரமான சீட்டு வந்துவிட்ட பரவசம் என்பது அவர் கட்சி. நான் ஃபோல்டு.

என் பக்கத்தில் உட்காரும் மதுரைத் தம்பிக்கு இதெல்லாம் கோழைத்தனம். “அண்ணே, அவரு சும்மா மிரட்டுறாருண்ணே” என்பான். இப்படிச் சொல்லிச் சொல்லி அவன் கால் பண்ணித் தோற்றதில், தபால்காரர் குடும்பத்தில் ஒருவன் மாதிரி ஆகிவிட்டான்.

இந்த வியாதி பரவியதற்குக் காரணம் 2003-ஆம் ஆண்டு. கிறிஸ் மணிமேக்கர் என்ற டென்னஸி மாநிலக் கணக்கர், இணையத்தில் சில்லறைக் காசுக்கு ஒரு தகுதிச் சுற்று ஆடி, லாஸ் வேகாஸில் நடந்த உலகப் போட்டிக்குள் நுழைந்தார். கடைசி இருவரில் ஒருவராகி, சாம் ஃபார்ஹா என்ற பழுத்த ஆட்டக்காரருக்கு எதிராக, கையில் ஒன்றுமே சேராத நிலையில், தன்னிடம் இருந்த அத்தனை வில்லைகளையும் தள்ளினார். ஃப்ளஷ் (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு) தவறிவிட்டது போல என்று ஃபார்ஹா வாய்விட்டே சொன்னார். சொன்னது சரி. அப்புறமும் ஒரு ஜோடி ஒன்பதைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்கினார். கடைசியில் போட்டியை ஜெயித்த மணிமேக்கருக்கு 25 லட்சம் டாலர். தம்பிக்கு அந்த வீடியோ மனப்பாடம். அன்றிலிருந்து பூமியில் யார் பெரிய தொகை வைத்தாலும் அவனுக்கு மணிமேக்கராகத்தான் தெரிகிறார்கள். 25 லட்சம் டாலருக்குப் பொய் சொல்ல ஒருவனுக்குக் காரணம் இருக்கிறது. ஐந்து பவுண்டுக்கு யார் அவ்வளவு சிரமப்படுவார்கள்?

எங்கள் ஆட்டம் டோர்னமென்ட் என்பதால் இன்னொரு கணக்கும் உண்டு. 20 பேர், 100 பவுண்டு. அதை 50, 30, 20 என்று மூன்று பரிசாகப் பிரிக்கிறோம். இருபது பேருடைய வில்லைகளையும் வாரிக்கொண்ட மகராசனுக்கும் 50 பவுண்டுதான். இருபது மடங்கு வில்லைக்குப் பத்து மடங்கு காசு. ஆகவே கைவிட்டுப் போகும் வில்லைக்கு, வந்து சேரும் வில்லையைவிட மதிப்பு அதிகம். மூன்றுக்கு ஒன்று என்று சரிக்குச் சரியாக வந்தால்கூட ஒதுங்குகிறவனே புத்திசாலி.

இதற்கு விலக்கு உண்டு. நேரமாக ஆகக் கட்டாயப் பந்தயம் ஏறிக்கொண்டே போகும். வில்லை தீரும் தறுவாயில் இருப்பவன், பொதுச் சீட்டு விழும் முன்பே ‘ஆல்-இன்’ என்று கத்தி இருப்பதையெல்லாம் தள்ளினால் அவனைக் கொஞ்சம் தாராளமாகவே கால் பண்ணலாம். அவனிடம் ஏழும் நான்கும்கூட இருக்கும். விரக்தியில் தள்ளுகிறவன் வேறு, பியரைத் தள்ளிவைத்துவிட்டுத் தள்ளுகிறவர் வேறு.

தம்பியிடம் ஒருநாள் கேட்டேன்: “தபால்காரர் சீட்டை நான் இலவசமாகக் காட்டச் சொல்கிறேன். அப்போதும் 2,000 போடுவாயா?” யோசிக்காமல் சொன்னான்: “காட்டிட்டா அப்புறம் எதுக்குண்ணே போடணும்?” விஷயம் அவ்வளவுதான். அவன் பந்தயம் கட்டவில்லை, டிக்கெட் வாங்குகிறான்.

இதில் பிழைக்கிறவர் பப்காரர். சட்டப்படி ஆட்டத்திலிருந்து அவருக்கு ஒரு பென்னி வராது. ஆனால் சீக்கிரம் தோற்றவன், கூட வந்தவனின் ஆட்டம் முடியும்வரை எங்கே போவான்? பாரில்தான் உட்காருவான். ஒரு பைன்ட் பியர் இங்கே பந்தயத்தைவிட விலை அதிகம். தம்பி வாசலில் நுழைந்ததுமே முதலாளி பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கையைக் குலுக்கி, வழக்கமான பியரை ஊற்ற ஆரம்பித்துவிடுகிறார். என்னை மட்டும் ஒவ்வொரு வாரமும், “நீங்கள் இந்த ஏரியாவுக்குப் புதுசா?” என்று விசாரிக்கிறார்.