முதல் மாதம் கண்ணைக் கட்டும்

கே: அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்த என் மகள் அடுத்த வாரம் கல்லூரிக்குப் போகிறாள். என்ன சொல்லி அனுப்பலாம்? - ஒரு தாய், அரூர்

ப: முதலில் டி.சி., மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ் எல்லாவற்றையும் பத்து செட் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுங்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால், 2022-ல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கு விண்ணப்பிக்கட்டும். ஆங்கிலத்தில் பாடம் நடத்தினால் முதல் மாதம் கண்ணைக் கட்டும். எழுந்து நின்று தமிழிலேயே சந்தேகம் கேட்கச் சொல்லுங்கள். அதே சந்தேகத்தோடு பக்கத்தில் நாலு பேர் வாய்மூடி உட்கார்ந்திருப்பார்கள், அவளை மனதார வாழ்த்துவார்கள். ராகிங் என்று யாராவது வாலாட்டினால், 1997-லேயே தமிழ்நாட்டில் அதற்குத் தனிச் சட்டம் வந்துவிட்டது. தயங்காமல் புகார் கொடுக்கட்டும். பல கல்லூரிகளில் 75 சதவீத வருகை இல்லாவிட்டால் தேர்வு எழுத விடமாட்டார்கள். கேன்டீன் டீ, இடைவேளையில் குடித்தாலும் அதே ருசிதான்!